வீடு வாங்கும்முன் ஆய்வு: 64 பக்க அறிக்கையும் கழற்றாத ஒரு விளக்கும்

வீடு வாங்குவதற்கு முன்னால் வந்து பார்த்து அறிக்கை தரும் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போடுகிறேன். ஏன் இரண்டு, ஏன் அதற்கு மேல் இல்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். குடிவந்த ஐந்தாம் மாதம் வேறோர் ஆய்வாளரை அழைத்து அதே வீட்டைக் காட்டினேன். அதனால் ஒரே சுவரையும் ஒரே கூரையையும் இரண்டு பேர் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் நிறுவனத்தோடு பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால் பெயரை எழுதவில்லை.

நான் 22 வருடமாகக் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தைக் காட்டவில்லை என்றால், "இது எங்களுக்குக் காட்டப்படவில்லை, ஆகவே இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். அதை எழுதாமல் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால், புத்தகத்துக்குள் தவறே இல்லாமல் போனாலும் அந்த அறிக்கை பொய்தான். வீட்டு ஆய்வும் இப்படித்தான் நடக்கும் என்று நம்பி அவர்களை அழைத்தேன்.

வீடு கட்டி 18 வருடம் ஆகியிருந்தது. கீழும் மேலுமாக இரண்டு தளம், செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், மாடி ஏற முடியாது. கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் அதை ஒட்டிக் குளியலறையும் இருந்ததால் இந்த வீடு எங்களுக்குப் பிடித்துப்போனது. விற்பவர்கள் அப்போது அங்கேயே குடியிருந்தார்கள். தரகர் ஆய்வுக்கு மூன்று பெயர்கள் கொடுத்தார். அதில் ஒன்றுதான் இந்த நிறுவனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நின்றார். இளைஞர், பொறுமையாகப் பேசினார். கையில் டேப்லெட், பையில் ஈரமானியும் வெப்பக் கேமராவும். 1 மணி 50 நிமிடம் வீட்டைச் சுற்றினார். மறுநாள் காலை 9 மணிக்கே அறிக்கை வந்துவிட்டது. 64 பக்கம், 140 படங்கள், பச்சை மஞ்சள் சிவப்பு என்று குறிகள். மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது, ஒரு திருகு சுவரைப் பிடிக்கவே இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். அது உண்மையான ஆபத்து, விற்பவர் சரிசெய்து கொடுத்தார். நேரத்துக்கு வந்ததற்கும் ஒழுங்கான அறிக்கைக்கும் ஒன்று, அந்தக் கைப்பிடிக்கு ஒன்று. இரண்டு மதிப்பெண் வந்தது இப்படித்தான்.

அறிக்கையில் மொத்தம் 31 குறைகள். கதவுப் பிடி தளர்ந்திருக்கிறது, குழாய் சொட்டுகிறது, ஜன்னல் ஓரத்து சிலிக்கான் காய்ந்துவிட்டது, ஒரு சுவிட்ச் மூடி கீறியிருக்கிறது. பெரும்பாலானவை வாங்குகிறவரே ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடக்கூடியவை. சிவப்புக் குறி ஒன்றுகூட இல்லை. கடைசியில் "ஒட்டுமொத்த நிலை: திருப்திகரம்". நாங்கள் அந்த ஒரு சொல்லை நம்பி வாங்கினோம்.

அம்மா மட்டும் ஒன்று சொன்னார். இரண்டாம் தடவை வீடு பார்க்கப் போனபோது பின்பக்க அறை வாசலில் நின்று, "ஓத வாடை அடிக்குதும்மா" என்றார். அலமாரி மூடியே இருப்பதால் அப்படி இருக்கும் என்றார்கள் வீட்டுக்காரர்கள். சுவரோடு சுவராகச் செய்த பெரிய மர அலமாரி அது, உள்ளே துணி நிறைந்திருந்தது. ஆய்வு நாளன்று மறக்காமல் ஆய்வாளரிடம் இதைச் சொன்னேன். அவர் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் பக்கத்துச் சுவரில், தன் நெஞ்சு உயரத்தில் அழுத்தினார். எண்ணைப் பார்த்தார். "காய்ஞ்சுதான் இருக்கு மேடம்" என்றார். அறிக்கையிலும் அப்படியே வந்தது: பின்பக்கப் படுக்கையறை, சுவர்கள், ஈரம் இல்லை. அவர் குத்திப் பார்த்தது ஒரே ஓர் இடம். அறிக்கையில் அது நான்கு சுவர்களாகிவிட்டது.

குடிவந்த ஐந்தாம் மாதம் சமையலறையில் ஆரம்பித்தது. அங்கே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, குழிவிளக்குகள் பதித்திருந்தார்கள். வீட்டிலேயே புதிதாக இருந்தது அந்தச் சமையலறைதான். பார்த்ததும் எங்களுக்கு மனம் இளகியதும் அதைப் பார்த்துத்தான். ஒரு சாயங்காலம் மூலை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் விளக்கின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு. மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் மெயினை அணைத்துவிட்டேன். அன்று இரவு இரண்டு மணிக்குப் பெரிய சத்தம். மூலைப் பலகை முழுசாக இறங்கித் தரையில் கிடந்தது. அதன்மேல் கான்கிரீட் பொருக்குகள், உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து. ஒன்றை எடுத்தபோது ஒரு பக்கம் முழுக்கத் துரு அப்பியிருந்தது.

அந்த மூலையில்தான் அம்மாவின் நாற்காலி. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் அங்கேதான் உட்காருவார். ஐந்து மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்னமும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது ஆய்வாளரை எனக்குக் காட்டியது உடன் வேலை செய்யும் ஒருவர். இந்த ஆய்வாளர் கட்டுமானப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், தனியாள். வந்தவர் முதல் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வெளியே சுற்றிச் சுற்றி நடந்தார், குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார், தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கூரை விழுந்தது உள்ளே, இவர் வெளியே என்ன தேடுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அதற்குப் பதில் பிறகு வருகிறது.

உள்ளே வந்ததும் மின்சாரத்தை அணைக்கச் சொன்னார். சமையலறையின் இன்னொரு பாதியில் சீலிங் விழாமல் இருந்தது. ஏணி போட்டு ஏறி, ஒரு குழிவிளக்கை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுத்தார், வந்துவிட்டது. "ரெண்டு ஸ்பிரிங்லதாம்மா நிக்குது. இழுத்தா வரும், தள்ளினா உக்காரும்" என்றார். அந்த ஓட்டை வழியாக மெல்லிய கம்பி முனையில் இருந்த கேமராவை விட்டு, திரையை என்னிடம் காட்டினார். கான்கிரீட் அடிப்பகுதி நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவுக்குள் கம்பிகள் செந்துருவாகத் தெரிந்தன. பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் வேறு நிறத்தில் சிமெண்ட் பூச்சு. யாரோ ஏற்கெனவே ஒரு தடவை ஒப்பேற்றியிருக்கிறார்கள். அது போதாமல் போனபோது கீழே பலகை அடித்து மூடியிருக்கிறார்கள்.

விளக்கைக் கழற்றி மறுபடி மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எதையும் உடைக்கவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. முதல் ஆய்வாளரும் இதே விளக்கின் கீழேதான் நின்றார். அவர் அறிக்கையில் இந்த இடத்துக்கு எழுதியது: "சமையலறைக் கூரை: ஃபால்ஸ் சீலிங், நல்ல நிலை." பச்சைக் குறி.

கம்பி ஏன் இப்படி ஆகிறது என்று பெரியவர் எனக்குப் புரியும்படி சொன்னார். புதுக் கான்கிரீட் நல்ல காரத்தன்மை உடையது, பிஎச் 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளேயிருக்கும் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. ஏறத்தாழ 9க்குக் கீழே போய்விட்டால் காப்பு போய்விடும். அப்புறம் ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், குறைந்தது இரண்டு மடங்கு, சில வகைத் துரு இன்னும் பல மடங்கு. உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அவர் புதிதாக உடைந்த ஒரு முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரம் மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. எங்கள் கூரையில் கம்பியைத் தாண்டி அரை அங்குலம் உள்ளே போன பிறகுதான் இளஞ்சிவப்பு தெரிந்தது. அதாவது கம்பிகள் இருக்கும் ஆழத்தில் காப்பு ஏதும் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. சமையலறைக்கு நேர் மேலே மாடிக் குளியலறை. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். முள் அசையவில்லை. அப்படியானால் அழுத்தத்தில் வரும் குழாயில் ஒழுக்கு இல்லை, கழிவுநீர்ப் பக்கமோ தரையோதான் காரணம். சமையலறையில் முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகு, மாடிக் குளியலறையின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கினார். சுவரில் பென்சிலால் ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு நன்றாகவே கீழே இருந்தது. வடிகால் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கும் கழுத்தைச் சுற்றிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. டைல்ஸ் எல்லாம் புதுசு போல இருந்தாலும் அதற்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு அந்தக் கழுத்தில் விட்டுப்போயிருக்கிறது.

இந்த நீர் தேக்கும் சோதனையை வாங்கும்முன் செய்ய விற்பவரின் அனுமதி வேண்டும், எல்லோரும் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. அதைச் செய்யவில்லை என்று முதல் நிறுவனத்தைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் செய்யவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். மாடிக் குளியலறைக்கு அவர்கள் எழுதியது: "தண்ணீர் ஓட்டிப் பார்க்கப்பட்டது, வடிகால் சரி." எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். ஒரு நிமிடத்தில் தண்ணீர் அடைக்காமல் போகிறதா என்றுதான் தெரியும், கசிகிறதா என்று தெரியாது.

இப்போது அம்மாவின் அறை. ஆளை வைத்து அலமாரியைப் பிரித்தெடுத்தோம். பின்னால் சுவர் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, அதன் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பெரியவர் என்னை வெளியே அழைத்துப்போய் அதே சுவரின் மறுபக்கத்தைக் காட்டினார். வீட்டைச் சுற்றி அழகாகக் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார்கள். அந்த நடைபாதை, அஸ்திவாரத்தின் மேல் ஓதத்தைத் தடுக்க வைக்கும் அடுக்கைவிட உயரமாக எழுந்துவிட்டது. போதாததற்குச் சரிவு வேறு சுவரைப் பார்த்து இருந்தது. பெய்கிற மழை எல்லாம் சுவரில் வந்து முட்டி, தடுப்புக்கு மேலேயே செங்கலுக்குள் ஏறிவிடுகிறது. அரை மணி நேரம் அவர் வெளியே தேடியது இதைத்தான். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாது. ஈரமானி ஊசி படும் இடத்தில் மின்தடையைத்தான் அளக்கிறது, அந்த இடத்தைத் தாண்டி எதுவும் சொல்லாது. நெஞ்சு உயரத்தில் குத்தினால் காய்ந்த சுவர்தான் காட்டும். அம்மாவின் மூக்கு சரியாகச் சொன்னதை ஒரு கருவியைத் தவறான இடத்தில் வைத்து நான் மறுக்க விட்டுவிட்டேன் என்பது எனக்குத் தனியாக ஒரு வருத்தம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆய்வாளர் ஒவ்வொரு பிளக்கிலும் தன் போன் சார்ஜரைச் செருகி, சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்து "அனைத்தும் இயங்குகின்றன" என்று எழுதினார். சார்ஜருக்கு எர்த் வேண்டியதே இல்லை. பெரியவர் மூன்று விளக்குள்ள சிறிய சோதனைக் கருவியைச் செருகியபோது, அம்மாவின் குளியலறையில் வெந்நீர் ஹீட்டர் போடும் பிளக்கில் எர்த் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. கசிவு மின்சாரத்துக்கு அணையும் 30 மில்லியாம்ப் பிரேக்கர் இருந்தது, அதன் டெஸ்ட் பட்டனை முதல் ஆய்வாளரும் அழுத்திப் பார்த்தார், விழுந்தது. பட்டன் அந்தப் பிரேக்கர் வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டும். பிளக்குக்கு எர்த் வருகிறதா என்று அது சொல்லாது.

இனி எனக்கு மிகவும் வலித்த விஷயத்துக்கு வருகிறேன். கூரை விழுந்து ஒரு வாரம் கழித்து, பழைய அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக, ஒரு தணிக்கைக் கோப்பைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்தேன். 52ஆம் பக்கத்திலிருந்து பின்னிணைப்பு, வெறும் வெப்பப் படங்கள். 57ஆம் பக்கத்தில் "சமையலறை" என்று ஒரு படம். கூரை எல்லாம் மஞ்சளாக இருக்க, மூலையில் மட்டும் நீலமாக ஒரு திட்டு. கேமராவே ஓரத்தில் எண்ணும் காட்டியிருந்தது: மற்ற இடத்தில் 27.4 டிகிரி, அந்தத் திட்டில் 24.1.

அந்த மூலைதான்.

வெப்பக் கேமரா ஈரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. ஈரமான இடத்தில் நீர் ஆவியாகும்போது குளிர்வதால் அது தனியாகத் தெரியும். காற்று அடிப்பதாலும் அப்படித் தெரியலாம். ஆகவே நீலத் திட்டைப் பார்த்தவுடன் கசிவு என்று முடிவு கட்ட முடியாது என்பதையும் பெரியவர் சொன்னார். ஆனால் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம், அதுவும் மேலே குளியலறை இருக்கும் மூலையில் என்றால், ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டிய இடம் என்று அந்தப் படம் கூவியிருக்கிறது. ஆய்வு நடந்த நாளில் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், மாடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள், கசிவு ஓடிக்கொண்டிருந்தது. கருவி பிடித்துவிட்டது. படத்தை எடுத்தவர் அதை வாசிக்கவில்லை. அறிக்கையைச் சரிபார்த்ததாக இரண்டாவது கையெழுத்தும் இருக்கிறது, அவரும் வாசிக்கவில்லை. படத்தின் கீழே ஒரு வரி விளக்கம் கிடையாது. முன்பக்கத்தில் பச்சைக் குறி, பின்பக்கத்தில் நீலத் திட்டு. என் வேலையில் ஒரு ரசீதைக் கோப்பில் இணைத்துவிட்டு அதிலிருக்கும் தொகையைப் பார்க்காமல் விட்டால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, மரியாதையான பதில். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைச் சுட்டினார்கள்: கண்ணுக்குத் தெரியும், எளிதில் அணுகக்கூடிய பகுதிகளை மட்டுமே ஆய்வு செய்வோம்; எங்கள் பொறுப்பு எந்த நிலையிலும் வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது. அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உண்மை. கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், ஆனால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித்தர வேண்டும் என்றார்கள். நான் எழுதித் தரவில்லை. 57ஆம் பக்கத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டேன், அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

சுவரை உடைத்துப் பார்க்க முடியாது, தரையைப் பெயர்க்க முடியாது. இன்னொருவர் குடியிருக்கும் வீட்டில் அலமாரியைக்கூட நகர்த்த முடியாது. எந்த ஆய்வாளருக்கும் இந்த எல்லைகள் உண்டு, அதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லைக்கு அப்பால் இருப்பதைப் பார்க்காத இடம் என்று எழுதாமல் நன்றாக இருக்கும் இடம் என்று எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "ஃபால்ஸ் சீலிங் இருப்பதால் மேல் கூரை தெரியவில்லை, மேலே குளியலறை இருக்கிறது, ஒரு விளக்கைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்" என்று மூன்று வரி இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். விற்பவர் மறுத்திருந்தால் அதுவே எனக்கு ஒரு பதிலாக இருந்திருக்கும். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக அச்சடித்த வரி. என் வீட்டில் எந்தெந்த இடம் தெரியவில்லை என்பது அதில் இல்லை.

பெரியவரின் அறிக்கை வெறும் 11 பக்கம். முதல் பக்கத்துக்குத் தலைப்பே "நான் பார்க்காதவை". ஏழு இடங்கள். நிலத்தடியில் போகும் கழிவுநீர்க் குழாய், சமையலறை அலமாரிகளுக்குப் பின்னால் உள்ள சுவர், மாடிக் குளியலறை டைல்ஸுக்கு அடியில், மொட்டைமாடியின் ஒரு ஓரம் என்று வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் பார்க்க முடியவில்லை, பார்க்க வேண்டுமானால் என்ன சோதனை செய்ய வேண்டும் என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு பக்கம் ஐந்து மாதம் முன்னால் கிடைத்திருந்தால் போதும்.

அவருக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை ஏன் குறைகிறது என்றால், அறிக்கை வர ஆறு நாள் ஆனது. வீடு வாங்கும் அவசரத்தில் இருப்பவருக்கு அது நீண்ட காலம். படங்கள் குறைவு, எழுத்து மிகச் சுருக்கம், இரண்டு இடத்தில் போன் செய்து விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடும் வசதி அவரிடம் இல்லை, வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். நாங்கள் பார்த்தோம். நல்ல வேளையாக அது சரியாக இருந்தது.

விற்றவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். "எனக்குத் தெரிந்து எந்தக் குறையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் என்னிடம் கேட்ட முதல் இரண்டு கேள்விகள்: குறை சாதாரணமாகப் பார்த்தால் தெரியக்கூடியதா, மறைந்திருந்ததா? விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா? சீலிங்குக்கு மேலே இருந்த அந்தப் பழைய சிமெண்ட் பூச்சு, யாருக்கோ தெரிந்திருந்தது என்று காட்டுகிறது. அந்த யாரோ இவர்கள்தானா, இவர்களுக்கு முன் இருந்தவர்களா என்பதுதான் இப்போது பிரச்சினை. பூச்சை உடைத்து எடுக்கும் முன் பெரியவர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு துண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார். மறைந்த குறை கண்டுபிடித்தவர்கள் யாராக இருந்தாலும், அவசரப்பட்டுக் கொத்தனாரை விட்டு எல்லாவற்றையும் பெயர்த்துவிடாதீர்கள், முதலில் படம் எடுத்து வையுங்கள்.

ஆய்வாளரை அமர்த்தப்போகிறவர்கள் என்னிடம் நேரில் கேட்டால் நான் சொல்வது இது. தரகர் சொல்லும் ஆளை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தரகரிடமிருந்து தொடர்ந்து வேலை வருகிற ஒருவர் மனதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் ஆய்வாளர் வேண்டுமென்று மறைத்தார் என்றும் நான் சொல்லவில்லை. தணிக்கையில் அந்தத் தொடர்பே கூடாது என்பது விதி, இங்கேயும் அது நல்ல விதிதான். பதிவு செய்வதற்கு முன்னால் அவர்களுடைய பழைய அறிக்கை ஒன்றை, பெயர் முகவரி மறைத்து, அனுப்பச் சொல்லுங்கள். அதில் பார்க்காத இடங்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏணி கொண்டுவருவீர்களா, பிளக்குகளை எதை வைத்துச் சோதிப்பீர்கள், குளியலறையில் எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவீர்கள், வெப்பப் படங்களை யார் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் ஆய்வை வையுங்கள். நாங்கள் வைத்தது மழையே இல்லாத மாதம். வீட்டில் ஏதாவது ஒரே ஒரு அறை மட்டும் புதிதாகப் பூசியோ மூடியோ இருந்தால் அதைக் காட்டி, இது ஏன் என்று கேளுங்கள். ஆய்வு நடக்கும்போது கூடவே இருங்கள். நான் இருந்ததால்தான் அந்தச் சார்ஜரும் அந்த ஒரு நிமிடமும் எனக்கு இன்று ஞாபகத்தில் இருக்கின்றன.

இன்றைய நிலை: சமையலறைக் கூரையில் தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இளைத்துப்போன கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, மறுபூச்சு முடிந்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங் மறுபடி போடவில்லை. கூரை வெறும் கூரையாகத் தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். மாடிக் குளியலறையில் தரை முழுக்கப் பெயர்த்து நீர்க்காப்பு புதிதாகப் போட்டு, பெரியவர் வந்து மறுபடி தண்ணீர் தேக்கினார், பென்சில் கோடு 24 மணி நேரமும் நனைந்தே இருந்தது. எர்த் கம்பி இழுத்தாயிற்று. வெளியே நடைபாதையைச் சுவரை ஒட்டி வெட்டி எடுத்து, சரிவை மாற்றியிருக்கிறோம்.

அம்மாவின் அறைச் சுவருக்கு மட்டும் அவசரப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். செங்கல் குடித்த ஈரம் முழுக்க வெளியேற மாதங்கள் ஆகும், அதற்குள் பூசினால் மறுபடி கொப்பளிக்கும். ஆகவே பூச்சை உரித்து அப்படியே விட்டிருக்கிறோம். புது அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அம்மா அந்த இடைவெளியில் முகத்தை நீட்டி மோந்து பார்க்கிறார். "குறைஞ்சிருக்கும்மா, இன்னும் போகலை" என்பதுதான் இந்த வாரச் செய்தி. இப்போது ஈரமானி எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அம்மா சொன்ன பிறகுதான் அதை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்துப் பார்க்கிறேன்.